ஒன்றா, இரண்டா

வெள்ளாப்பில் போனால்தான் பிடிக்கலாம்.
வெயில் ஏறிவிட்டால் அவற்றுக்குச் செட்டை ஞாபகம் வந்துவிடும்.
பனி காயுமுன் இலையில் கிடக்கிற நேரம்
அவற்றுக்கும் எனக்கும் ஒரே அளவு தூக்கக் கலக்கம்.

இடது கையில் யோகட் கப்.
அதில் அரைவாசி கிணற்றுத் தண்ணீர்,
உடுப்புச் சவர்க்காரம் கரைத்த நுரை.
கப்பை இலைக்குக் கீழே பிடித்து
மேலே விரலால் ஒரு தட்டு.
தொட்டதும் செத்ததுபோல் கால் மடக்கி விழுவது
இந்தச் செம்மஞ்சள் வண்டின் தந்திரம்.
தந்திரம் நேராக நுரைக்குள் விழுகிறது.

களுதாவளைக் குருமணலில் ஒன்பது பூசணிக் குழி.
முளைத்து இரண்டிலையாய் நின்ற கிழமையே
இலையெல்லாம் வட்ட வட்டமாய்
பொத்தான் தைக்க மறந்த சட்டைபோல ஓட்டை.
ஐந்துதான் மிஞ்சியது.

உமிச்சாம்பல் தூவினேன்.
கச்சான் காற்று அள்ளிக்கொண்டுபோய்
மங்களாதேவி ரீச்சரின் கொடியில்
மகனின் வெள்ளை யூனிபோமில் போட்டது.
இரண்டு நாள் ரீச்சர் கதைக்கவில்லை.

அவர் கட்டாரிலிருந்து சொன்னார்:
"கடையில மருந்து வாங்கி அடியன்,
ஒரு நாளில விசயம் முடிஞ்சிடும்."
குழிக்கும் கிணற்றுக்கும் பதினொரு அடி.
இந்த மணல் எதையும் பிடித்து வைக்காது,
மேலே ஊற்றினது கீழே வாளியில் வரும்.
பதினாறாம் மாடியில் கம்பி கட்டுகிறவருக்கு
மணல் மறந்து போயிருக்கலாம்.
நான் சண்டை பிடிக்கவில்லை.
சிக்னல் இல்லை என்றேன்.

விவசாயப் போதனாசிரியர் நவநீதா மிஸ்
ஸ்கூட்டியை வேலியில் சாய்த்துவிட்டு
குந்தியிருந்து அடிமண்ணைக் கிளறிக் காட்டினா.
வேரோடு ஒட்டி வெள்ளைப் புழு.
"மேல பிடிச்சா மட்டும் காணாது.
நாளைக்கு இலைக்கு ஏறப்போறது இதுதான்."
அன்று பின்னேரம் மண்ணைக் கொத்திவிட்டு
கோழிகளைத் திறந்துவிட்டேன்.
புழுவோடு ஒரு கன்றையும் கிளறி எறிந்தன.

மிச்சம் நாலு.
நுளம்பு வலையை நாலு துண்டாய் வெட்டி
தடி நட்டுக் கவிழ்த்தேன்.
கலியாணத்துக்கு வாங்கின பெரிய கட்டில் வலை.
இரண்டு வருசமாய் மடித்தபடியே கிடந்தது.
எனக்கும் பிள்ளைக்கும் சின்னது போதும்.

பூ வந்ததும் வலையைக் கழற்ற வேண்டியதாயிற்று.
தேனீக்குத் திறந்த வழியால்
வண்டும் வந்தது.

யதுசனாவின் கணிதக் கொப்பியில் கடைசிப் பக்கம் என்னுடையது.
திங்கள் நாற்பத்தாறு.
செவ்வாய் முப்பத்தொன்று.
புதன் பிடிக்கவில்லை, குழுக்கடன் கூட்டம்.
வியாழன் எண்பத்திரண்டு,
விட்ட நாளுக்கும் வட்டியோடு.

வெள்ளி
ஆண்பூ ஒன்றுக்குள், மகரந்தத்தில் புரண்டு,
ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு.
தட்டினேன்.
விடாமல் விழுந்தன.
நுரையில் ஒரு சுற்றுச் சுற்றி
அப்படியே நின்றன.

கொப்பியை விரித்தால் பேனை ஓடவில்லை.
இதை ஒன்றென்று போடுவதா,
இரண்டென்று போடுவதா?

சிரிப்பார் என்று தெரிந்தும்
வட்ஸ்அப்பில் குரல் பதிந்து கேட்டேன்.
சாப்பாட்டு நேரம் பதில் வந்தது.
"முட்டையையும் சேர்த்து நூறெண்டு போடு."
பிறகு ஏதோ இரும்பு அறுக்கிற சத்தம்,
யாரோ வேற்று மொழியில் கூப்பிடுகிற சத்தம்.
வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.
"காய் எத்தினை பிடிச்சிருக்கு?"
என்றார், இறங்கின குரலில்.

மூன்று என்று அனுப்பினேன்.
ஒன்றுக்கு அடியில் சிரட்டை வைத்திருக்கிறேன்,
மண் படாமல்.
படம் எடுத்தேன். ஓட்டை இலைதான் முன்னுக்கு நின்றது.
அதையும் அனுப்பினேன்.

கொப்பியில்:
முப்பத்தெட்டும் ஒரு சோடியும்.

கிணற்றுக்கு எட்ட, வேலியோரம்
கப்பைக் கவிழ்த்தேன்.
எறும்புகள் வந்து
எண்ணாமல் இழுத்துக்கொண்டு போயின.