இரண்டு என்று ஒட்டியிருந்தது

வியாழக்கிழமை பாசார் மாலாமில்
கோழி பொரிக்கிற சட்டிக்கும் கைப்பேசி உறைகளுக்கும் நடுவே
பூபாலன் வாங்கி வந்தான்,
மூன்று பாகமும் சேர்த்துப் பத்து வெள்ளி.
அட்டையில் வாளோடு ஒருத்தி,
பின்னால் பனிமலை,
மலை உச்சியில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு.

பத்தாங் பெர்ஜுந்தைக்கு வேறு பெயர் வைத்துப்
பலகையும் நட்டாயிற்று.
பஸ்காரன் பழைய பெயரைத்தான் கூவுகிறான்.
அதனால் படம் தொடங்கி
பெயர் மாறிய ஊர்களோடு ஒரு வரைபடம் விரிந்தபோது
எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

உலகமே பார்த்து முடித்த படமாம்.
நாங்கள் ஏழு பேர்,
தோட்டம் கைமாறியபின் கிடைத்த அடுக்குமாடியில்
நாலாவது மாடி.
டிவிடி பெட்டி சூடாகிவிடும் என்று
காற்றாடியை அதன் பக்கம் திருப்பிவிட்டு
வேர்வையில் உட்கார்ந்திருந்தோம்.

கதை இவ்வளவுதான்:
கேட்டவரைப் பித்தாக்குகிற ஒரு மணி.
அதன் நாக்கைக் கழற்றிக்
கடலில் போட வேண்டும்.
கடல் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது.
ஓர் ஓடக்காரன் மட்டும் தெரியும் என்கிறான்.
அவனுக்கும் தெரியாது.

கீழே மலாயில் எழுத்து ஓடியது.
நாகா வருகிறது என்று போட்டான்.
பாம்பென்று காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள் சந்திரிகா.
வந்ததோ சிறகடித்து நெருப்பைக் கக்கியது.
செங்சாரா என்று போட்டான், துன்பமாம்.
‘சம்சாரம்தானே, சரியாத்தான் எழுதியிருக்கான்’ என்றான் பூபாலன்.
அவன் மனைவி முறுக்குத் தட்டை
அவன் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தினாள்.

சனிக்கிழமை இரவு, இரண்டு என்று ஒட்டியிருந்ததைப் போட்டோம்.
எடுத்த எடுப்பில் போர்.
மணியின் நாக்கு கடலுக்குள் போயே போய்விட்டது.
பிறகு பட்டாபிஷேகம், பூ, ஊதுகொம்பு.
அரியணைக்குப் பக்கத்தில் ஒரு காலி இருக்கை,
அதன்மேல் ஓடக்காரனின் தோல் தொப்பி.
ராணி அதைத் தொட்டு அழுதாள்.

ஓடக்காரனா?
நேற்று நன்றாகத்தானே இருந்தான்?
எப்போது?
பூபாலன் டிவிடியை விளக்கில் காட்டிப் பார்த்தான்.
மூன்றுக்கு இரண்டு என்று ஒட்டியிருக்கிறான், படுபாவி.

எல்லாரும் சிரித்தோம்.
யோகராணி சிரிக்கவில்லை.
அவள் அண்ணன் குணாளன்,
ஆலையில் இரவு வேலை,
போன வருசம் செம்பனை லோரி.
அவளுக்கும் அப்படித்தான் தெரியவந்தது,
நடுவில் ஒரு பாகம் இல்லாமல்.
பசியாறிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பியவன்.
அடுத்து
வீட்டுக்கூடத்தில் வெள்ளைத் துணி,
அழுதுகொண்டிருந்த நாற்காலிகள்.

ஞாயிறு, விட்டுப்போன பாகம்.
உயிரோடு வந்தான் ஓடக்காரன்.
ரொட்டியைப் பிய்த்துக் குதிரைக்கும் ஒரு வாய் கொடுத்தான்.
சாதாரண வேடிக்கைதான்,
தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்தோம்.
அவன் இருமினால் ஏழு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

மழை. தொங்குபாலம்.
அக்கரையில் ஏதோ அசைந்தது.
அவன் தொப்பியைக் கழற்றிச் சின்னப் பையனிடம் கொடுத்தான்,
‘பிடி, இதோ வந்துவிடுகிறேன்.’

யோகராணி ரிமோட்டை எடுத்தாள்.

பாலத்தில் ஒரு கால் வைத்தபடி நின்றான்.
மழை அந்தரத்தில் நின்றது.
போடு என்று யாரும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டி தானாகவே
திரையை நீலமாக்கிக்கொண்டது.
‘மைலோ கலக்கட்டுமா?’ என்று எழுந்தாள் சந்திரிகா.

மின்கட்டண ரசீதுகள் கிடக்கிற இழுப்பறையில்
அது இன்னும் இருக்கிறது.
எங்கள் கேன்டீனில் அந்தப் படத்துப் பேச்சு வந்தால்,
நடுப்பாகம்தான் உயிர், அந்தப் பாலத்துக் கட்டம்
பார்த்தாயா என்று கேட்பார்கள்.

பாலம்வரைக்கும் பார்த்திருக்கிறேன் என்பேன்.
அதுவரை எல்லாரும் நலம்.