இடது கை

செவ்வாய், வெள்ளி.
மூலக்கடை நெரிசலைத் தாண்டி
புழல் வேன் வந்து நின்றால் எட்டரை.
வராவிட்டால், 'வழிக்காவலுக்கு ஆள் இல்லை' என்று போன்.
சிலசமயம் அதுவும் இல்லை.

இருதயராஜ், நாற்பத்தாறு.
உலர் எடை ஐம்பத்திரண்டு கிலோ.
என் பதிவேட்டில் இவ்வளவுதான்.
என்ன வழக்கு, எத்தனை வருஷம் என்பதெல்லாம்
ஏட்டு மடியில் இருக்கும் கோப்பில்.
நான் எட்டிப் பார்த்ததில்லை.

ஒருமுறை பார்த்தேன்.
அன்று ஊசி ஏற்றும்போது
என் கை கொஞ்சம் அவசரப்பட்டது.
அதற்கப்புறம் பார்ப்பதில்லை.

சிரையையும் தமனியையும் சேர்த்துத் தைத்த
இடது முன்கை
தொட்டால் அதிரும்.
"லாஞ்சு இன்ஜின் மேரி இல்ல சிஸ்டர்?
ராவுல லைட்ட அணைக்க மாட்டானுங்கோ.
காதுக்கு அடில கைய வெச்சிக்கினா
காசிமேட்லர்ந்து கெளம்பிட்டா மேரியே கீது."
கையை மடக்கிப் படுத்தால் அடைத்துக்கொள்ளும் என்று
திட்டினேன். திட்டத்தான் வேண்டும்.

விலங்கு மட்டும் எப்போதும் அந்தக் கையில்.
காவலர்கள் மாறுவார்கள், ஒவ்வொருவரிடமும்
புதிதாகச் சொல்வேன்:
ரத்தம் ஓடுகிற வழி சார்,
இரும்பு அழுத்தினால் நின்றுவிடும்.
எந்தக் கை என்று ஆர்டரில் இல்லையே என்றார் ஒருவர்.
இன்னொருவர், ஓடுவதாக இருந்தால்
காலால்தானே ஓடுவான் என்று சிரித்து
சாவியை எடுத்தார்.

பிளாஸ்திரியில் பேனாவால் எழுதி ஒட்டினேன்:
இங்கே பூட்ட வேண்டாம்.

சித்திரை பிறந்தது. நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்,
சாம்பாரும் டீயும் அதற்குள்.
மாத்திரை டப்பா மூடியால் அளந்து குடிக்கிறாராம்.

போன செவ்வாய் வேன் வரவில்லை.
எங்கோ பந்தோபஸ்து.
வெள்ளிக்கிழமை, படுக்க முடியாமல்
உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கி வந்தார்.
ஐம்பத்தெட்டு கிலோ நானூறு.
விலங்கு வலது கையில்.

பிளாஸ்திரி ஓரமெல்லாம் கறுத்திருந்தது.
வியர்வையில் என் எழுத்து கரைந்து
மேலே நீல மையில் வேறு யாரோ
திருப்பி எழுதியிருந்தார்கள்:
இங்க பூட வேண்டாம்.
இருதயராஜுக்கு எழுதத் தெரியாது.
யார் என்று நான் கேட்கவில்லை,
அவருக்குப் பேசவும் மூச்சில்லை.

விரல் வைத்துப் பார்த்தேன். ஓடுகிறது.

ஒரே நாளில் ஆறு கிலோவையும் இறக்க முடியாது.
மீதிக்கு நாளையும் அனுப்பவும் என்று எழுதி
டாக்டரிடம் கையெழுத்து வாங்கி
சீல் வைத்துக் கொடுத்தேன்.
"நாளைக்குச் சனிக்கிழமைம்மா" என்றார் ஏட்டு,
நாற்காலியை ஃபேனுக்கு அடியில் இழுத்துப் போட்டபடி.