அடிக்கோடு

என் வேலை கறுப்பு நிழல்கள் வரைவது.
சோங்சிங் நகரத்துக் கோபுரங்களையெல்லாம்
பள்ளிக்கூடப் புகைப்படத்தில் போல
வரிசையாக நிற்கவைத்து
தலைக்குமேல் மீட்டர் எழுதி
கண்காட்சிக் கூடத்தின் கிழக்குச் சுவருக்கு அனுப்புவது.

மூங்கில் கணுவைப் பார்த்துக் கட்டியது ஒன்று.
பிழிந்த துணியாக முறுக்கியது ஒன்று.
பாய்மரம் என்று விளம்பரம் செய்து
வாணலிக் கரண்டியாக முடிந்தது ஒன்று.
பணம் தீர்ந்த நாளில்
நாற்பத்தேழாம் மாடியில் நின்றுபோனது ஒன்று.
அதற்கு மட்டும் உயரத்தைப் பென்சிலில் எழுதியிருந்தேன்.

முதல் சண்டை ஊசிகளைப் பற்றி.
உச்சியில் நிற்கும் ஊசி உடம்பா, தொப்பியா?
தொப்பி என்று தீர்ப்புச் சொன்னேன்.
மூன்று நிறுவனங்கள் என்னோடு பேசுவதை நிறுத்தின,
நிம்மதியாக இருந்தது.

அப்புறம் ஷியாங் பெய்லின் அழைத்தார்,
ஜியாலிங் கரைக் கோபுரத்தின் விற்பனைப் பிரிவு.
குரலில் தேன்.
"உச்சியை விடுங்கள் அம்மா,
எங்களுக்கு ஆற்றோரத்திலும் ஒரு வாசல் இருக்கிறதே,
அங்கிருந்து அளக்கலாமே?"

நாற்பத்தோரு மீட்டர்.
ஒரு கிரேன் திரும்பவில்லை.
ஒரு மூட்டை சிமென்ட் ஏறவில்லை.
கட்டடம் உயர வானம் தேவையில்லை,
காகிதத்தில் மண்ணைத் தோண்டினால் போதும்.

மறுநாளே எதிர்க்கரைக்காரர்களும் தோண்டினார்கள்.

யாரையும் குறை சொல்ல முடியாது.
இந்த ஊரில் ஒரு கதவைத் திறந்தால் தெரு,
பேருந்து, கீரை விற்பவள், அவளுடைய நாய்.
இருபத்திரண்டு மாடி இறங்கி
இன்னொரு கதவைத் திறந்தாலும் தெரு,
வேறு பேருந்து, வேறு நாய்.
இரண்டுக்கும் பெயர் தரைதான்.
அடி எது என்றே தெரியாதபோது
எத்தனை அடி என்று எப்படிச் சொல்வது?
நேராக இழுத்த என் அடிக்கோடு
தெற்றுப்பல்லாகிக் கிடந்தது திரையில்.

மதியச் சாப்பாடு கொண்டுவரும் மோ ஜியாவென்
மஞ்சள் தலைக்கவசத்தைக் கழற்றாமலே
என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான்.
"இதில் கதவுகள் எங்கே?"
கதவு வரைவதில்லை என்றேன்.
"பின்னே எப்படி உள்ளே போவது?"
பிறகு அவனாகவே விரல் வைத்து அளந்தான்:
இது எட்டு நிமிஷம்.
இது பதினாறு, நடுவில் லிஃப்ட் மாறணும்.
முறுக்கின துணியா?
அது நூடுல்ஸ் ஊறிப்போகிற உயரம்.

ஆகஸ்டில் யாங்சி வீங்கியது,
ஜியாலிங் அதன்மேல் சாய்ந்துகொண்டது.
கரைக் கோபுரத்தின் கீழ்வாசலில்
காவலாளிகள் காலணிகளை வரவேற்பு மேசைமேல் வைத்துவிட்டு
சலவைக்கல் தரையில் முழங்கால் நீரில் நடந்தார்கள்.
சுழல்கதவில் ஒரு தர்பூசணி
உள்ளே வரவா, வெளியே போகவா என்று
சுற்றிக்கொண்டே இருந்ததாம்.

ஷியாங் பெய்லின் அழைத்தார். தேன் கொஞ்சம் நீர்த்திருந்தது.
"இந்த வாரத்துக்கு மட்டும்
மேல்தெரு வாசலிலிருந்து அளந்துவிடுங்களேன்."
நாற்பத்தோரு மீட்டரை அழித்தேன்.
அழிக்கும்போது சத்தமே வரவில்லை.
ஜன்னலுக்கு வெளியே மூடுபனி,
எல்லாக் கோபுரங்களையும் முப்பதாம் மாடியோடு
ஒரே கத்தியால் நறுக்கியிருந்தது.

கதவு தட்டும் ஓசை.
எங்கள் அலுவலகம் பத்தொன்பதாம் மாடியில்,
வரிசையில் இடம்பெறாத ஒரு சாம்பல் கட்டடம்.
மோ ஜியாவென் படியேறி வந்திருந்தான்,
பையை நீட்டிவிட்டு மூச்சைத் தேடினான்.
"இருபத்தொன்று," என்றான் நிமிஷக் கணக்கில்.
"லிஃப்ட் குழிக்குள் ஆறு."