குஞ்சப்பனைக்கு மேலே

குஞ்சப்பனைக்குச் சற்று மேலே மண் சரிந்திருந்தது.
லாரியை அணைத்துவிட்டு
ஹாலன் பீடி பற்றவைக்க இறங்கினார்.
பின்னால் தேயிலை மூட்டைகள்,
முன்னால் வைப்பர் பாதியில் நின்ற கண்ணாடி,
மீட்டரில்
ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐநூற்றுப் பத்து.

510 510.
காது கேட்காதவரிடம்
ஒரே சொல்லை இரண்டு தரம் சொன்ன மாதிரி.
மூன்று இலக்கத்தை அப்படி இரட்டித்தால்
ஆயிரத்து ஒன்றால் வகுபடும்;
ஆயிரத்து ஒன்றைப் பிளந்தால்
ஏழு, பதினொன்று, பதின்மூன்று.
எடைச்சீட்டின் முதுகில் எழுதினேன்.
மிச்சம் ஐநூற்றுப் பத்து:
இரண்டு, மூன்று, ஐந்து, பதினேழு.

பேனாவை மூடப் போனவள் மூடவில்லை.
முதல் ஏழு பகா எண்களும் வந்திருந்தன.
ஒன்று விடாமல்,
ஒன்றும் இரண்டாம் முறை வராமல்.
இந்த ஏழு பேருக்கும் மீதியின்றிப் பங்கு வைக்க
இதைவிடச் சின்ன எண் கிடையாது.
எங்கள் ஃபேக்டரியில் இலைக்காசு
ஒரு மாதமும் இப்படிப் பிரிந்ததில்லை.
மிஞ்சும் பைசாவை யார் பக்கம் தள்ளுவது என்று
சூப்பர்வைசர் பொன்ராசோடு
ஒன்பது வருடமாகச் சண்டை.

"என்ன மாதி, கூலிக் கணக்கா?"
சொன்னேன்.
ஈரக் கையை டவலில் துடைத்தபடி கேட்டார்:
"பத்தொன்பது பேர்னா?"
பத்தொன்பது பேர் என்றால் ஒன்று குறையும், அண்ணா.
"ஒண்ணுதானே?
வழி விட்டா நான் போட்டுத் தர்றேன்."

அவர் கிலோமீட்டரைச் சொன்னார் என்று புரிய
எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மழை விடவில்லை. சீட்டில் இடமும் இல்லை.
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்:
714, அதற்கடுத்து 715. பெருக்கினால் இதே எண்.
ஏழு பேரும் இரண்டு வீடாகப் பிரிந்திருக்கிறார்கள்.
ஒரு வீட்டில் இரண்டு, மூன்று, ஏழு, பதினேழு;
சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்து, பதினொன்று, பதின்மூன்று.
கூட்டிப் பார்த்தேன்.
இங்கேயும் இருபத்தொன்பது,
அங்கேயும் இருபத்தொன்பது.
ஏன் என்று தெரியவில்லை. சிரிப்பு வந்தது.

ஐந்தரைக்கு ஜேசிபி வந்தது.
லாரி உறுமி, சேற்றில் வழுக்கி, நகர்ந்தது.
கடைசி இலக்கம் மெதுவாகப் புரண்டு
ஒன்றானது.
ஏழு பேருக்கும் இப்போது ஆளுக்கொரு மீதி,
பத்தொன்பதுக்கு மட்டும் நிறைவான பங்கு.
ஹாலன் ஹாரனை ஒரு தரம் அடித்தார்.

இனி வரும் பதினேழு எண்களையும்
அந்த ஏழில் யாராவது ஒருவர் தொட்டிருப்பார்.
யார் கையும் படாத எண்,
பகா எண்,
510529ல்தான்.
மேட்டுப்பாளையம் பக்கம், பாக்குத்தோப்பு தாண்டி வரும்.
அதைப் பார்த்தே தீர்வது என்று
மீட்டரிலேயே கண் வைத்திருந்தேன்.

டீசல் வாசனையில் விழித்தேன்.
பங்க் விளக்கடியில், நோட்டில்,
அவர் எழுதிக்கொண்டிருந்தார்:
510530.