விதிவிலக்கு

பெர்கனிலிருந்து ஒரு வக்கீல் எழுதியிருக்கிறார்,
சிக்னே ஓஸ்காஸ், தராசு செய்யும் கம்பெனி.
எங்கள் இயங்குகோப்பின் வயிற்றில்
உங்கள் ஆயிரத்து நூறு வரிகள் இருக்கின்றன.
எடுத்தவர் தன்னுடையதையும் திறந்து காட்ட வேண்டும்
என்கிறது உங்கள் உரிமம்.
நாங்கள் திறக்க வேண்டுமா?
வெள்ளிக்குள் பதில். அன்புடன்.

ஒலோமோட்ஸில் மூன்று நாளாக மழை.

அந்த வரிகளை எழுதியது பல்வலி பிடித்த ஒரு பிப்ரவரியில்.
அவற்றின் வேலை இவ்வளவுதான்:
எல்லாருக்கும் முன்னால் விழிப்பது,
மூட்டையை அவிழ்ப்பது,
தற்காலிகமாய் ஓர் இடம் பிடித்துச் சாமானைப் பரப்புவது,
உண்மையான நிரலை எழுப்பிவிட்டு
ஓரமாய் நிற்பது.
அது முடித்ததும்
கூட்டிப் பெருக்கிவிட்டுச் சாவது.

இரண்டாம் பக்கத்து விதிவிலக்கு
என்னுடையதல்ல, ஸ்திஸ்லாவாவினுடையது.
ஒரு வாரம் சண்டை போட்டோம்.
எடுக்கிறவன் கொடுக்கட்டும் என்றேன்.
சாக்கு தைத்தவன்
உருளைக்கிழங்கில் பங்கு கேட்பானா என்றாள்.
சாக்கு வெளியே இருக்கிறது, என் வரிகள்
உள்ளேயே போகின்றனவே என்றேன்.
அப்படியானால் நூல், என்றாள்,
தைத்த நூல்.
அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.
பல் வேறு வலித்தது.

வக்கீலுக்கு எழுதினேன்:
திறக்க வேண்டாம். விற்கலாம், பூட்டலாம்.
தையல் இயந்திரத்தையே திருத்தி வெளியே கொடுத்தால் மட்டும்
திருத்தத்தைக் காட்டுங்கள்.
சாக்குக்குள் வேறு யார் யாருடையதை
அள்ளிப் போட்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.
அவரவரிடம் கேளுங்கள்.

எழுதாமல் விட்டது:
ஏழு வைரஸ் தடுப்பான்கள் என்னைத் திருடன் என்கின்றன.
திருடர்களும் இதே நூலில்தான் தைத்தார்கள்.
முகம் பார்த்ததும் பிடித்துக்கொள்கிறார்கள்,
அது என் முகம்.
நீ யார் என்று கேட்காத பத்தி அது.
கேட்டிருக்க வேண்டுமோ என்று
சில இரவு தோன்றும்.
ஸ்திஸ்லாவா இப்போது தேனீ வளர்க்கிறாள்,
கடிதங்களுக்குப் பதில் போடுவதில்லை.

சனிக்கிழமை, ஸ்டேஷன் பக்கத்துக் கடை.
நூல்கோலைத் தட்டில் வைத்ததும் தராசு உறைந்து போனது.
கடைப்பெண் முதுகில் இருந்த பொத்தானை அழுத்தினாள்.
திரை இருண்டது,
பிறகு சின்னதாய் ஒரு கறுப்புச் சன்னல்,
அரை இமைப்பு,
வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல்.

எனக்குத் தெரிந்தது.

அறுநூற்று நாற்பது கிராம் என்று காட்டியது.
பின்னால் பீர் பெட்டியோடு நின்றவர்
நகருங்கள் சார் என்றார்.
நகர்ந்தேன்.