லெஸ் சேர்த்து எழுதுக

சனிக்கிழமை பரீட்சை.
தேறினால் மூன்றாவது லைனுக்கு நான் சூப்பர்வைசர்.
ஜெராக்ஸ் தாளை மடித்து மடித்து விரித்ததில்
பெயர்ச்சொல்லுக்கும் பெயரடைக்கும் நடுவே
ஒரு கிழிசல்.

பாலாற்றுப் பாலத்தில் நெரிசல். கம்பெனி பஸ் நிற்கிறது.
பேனா மூடியைக் கடித்தபடி ஷம்ஷாத் கேட்கிறாள்:
ப்ரைஸ், லெஸ் சேர்த்தா?
விலையில்லா.
"அப்போ எங்க வூட்டு மிக்சி ப்ரைஸ்லெஸ்."
பின்பக்க விடை வேறு சொல்கிறது:
விலையே வைக்க முடியாத அளவு உயர்ந்தது.
"ரெண்டே மாசத்துல பொகைஞ்சிது. அதுவா?"

கேர்லெஸ்ஸை நான் மனப்பாடம் செய்ய வேண்டாம்.
போன மாதம் இடதுகால் மேல்தோல் ஒன்றில்
தையல் ஒரு நூல் விலகியதற்கு
மெமோவில் வந்தது.
முதல் வரியில் 'அமுலு' என்பதற்கு முன்னால்
சும்மா அடையாகத்தான் நின்றது.
கடைசி வரிக்குள் நெஸ் முளைத்து
கேர்லெஸ்னெஸ் ஆகி, தானே பெயராகி
முந்நூறு ரூபாய் பிடித்துக்கொண்டது.
அடை பெயரானால்
எடை வந்துவிடுகிறது.

இந்தத் தாள் வருவதற்கு முன்பே
எங்கள் ஊருக்கு லெஸ் ஒட்டியிருந்தார்கள்:
தண்ணியில்லா ஆறு, ராஜாயில்லாக் கோட்டை,
சாமியில்லாக் கோயில், மரமில்லா மலை.
ஓரத்தில் எழுதிப் பார்த்தேன்,
வாட்டர்லெஸ், கிங்லெஸ், காட்லெஸ்.
"சாமிதான் எப்பவோ வந்துட்டாரே, அத அடி."
அடித்தேன்.
ஆற்றையும் அடித்தேன். ஒரு கார்த்திகையில்
இதே பாலத்தின் கழுத்துவரை ஏறி வந்ததே,
நான்கு நாள் லீவு, சம்பளம் லெஸ்.
அடைமொழி அடித்துக்கொண்டு போயிற்று.
ஆறு என்ற பெயர் அங்கேயே கிடக்கிறது, மணலோடு.
மலையைப் பார்த்தேன். இந்த வெயிலில்
அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒன்று சொல்வார்கள்,
அழகில்லாப் பெண்கள்.
சொன்னவன் எந்த பஸ்ஸில் போனானோ.
இதில் ஐம்பத்திரண்டு பேர்.
கனகாம்பரம், பர்தா, டிபன் பை,
விரலிடுக்கில் நேற்றைய சொல்யூஷன் பசை.
பாதிப் பேர் வாய் திறந்து தூங்குகிறார்கள்.
ஷம்ஷாத் போனில் தட்டினாள்: ப்யூட்டி, லெஸ்.
அடியில் சிவப்புக் கோடு.
"இன்னாடி, அப்படி வார்த்தையே இல்லியாம்!"
அவள் சிரித்த சத்தத்தில்
முன்சீட்டு தேசம்மா விழித்து
ராணிப்பேட்டை வந்துடுச்சா என்றாள்.

பஸ் நகர்ந்தது.
அடுத்த கேள்வி: ஹேண்ட், ஃபுல் சேர்க்க.
பெயரடை என்று டிக் அடித்தேன்.
தப்பாம். அது பெயர்.
ஒரு கைப்பிடி அளவு.
எதில் ஒரு கைப்பிடி என்று
தாளில் போடவில்லை.