எங்கே வலிக்கிறதாம்

அப்பாக்கள்தான் எளிதில் கிடைப்பார்கள்.
பதினாறு வருடமாய்ப் பொறுக்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.
சந்தை மேசைகளில், சுருட்டுப் பெட்டிகளில்,
சட்டை மடிப்புக் கலையாமல், மீசைச் சாயம் உதிராமல்,
நேற்றுத்தான் தொழிற்சாலையை விட்டு வந்தவர்கள்போல
அப்பாக்கள்.
யாரும் அவர்களை வைத்து விளையாடியதில்லை.
காலையில் வேலைக்கு அனுப்பிவிட்டு
அலமாரிக்கு அடியில் மறந்துவிடுவார்கள் பிள்ளைகள்.

அம்மாக்கள் அப்படியில்லை.
தலை வழுக்கை. கையில் நூல் பிரிந்து கம்பி தெரியும்.
கவுனின் முன்பக்கம் மட்டும் வெளுத்திருக்கும்,
ஏதோ ஒரு சிறுமியின் கட்டைவிரல்
அங்கேயே குடியிருந்ததில்.
குழந்தைகளைப் பற்றிக் கேட்காதீர்கள்.
பாதிப் பேரை நாய் தின்றிருக்கும்.

சுண்ட்ஸ்வாலுக்கு வடக்கே ஒரு வைக்கோல் கொட்டகையில் ஏலம்.
மே மாதம், நிழல் விழும் இடங்களில் இன்னும் பனி.
பிஸ்கட் டப்பாவோடு ஒரு குடும்பம் எடுத்தேன்.
நானூறு குரோனா.
சுத்தியலைத் தட்டும்போதே சிரித்தார் தூர்பியோர்ன்:
"நாலு பேர், தலைக்கு நூறு."
கூடவே கதவு திறக்கும் அடுப்பு,
காலிழந்த தொலைக்காட்சி, நீலக் குளியல்தொட்டி,
நாலு வோல்ட் மேசைவிளக்கு.
அப்புறம் ஒரு சோபா, வேறு ஏதோ வீட்டுடையது;
அதில் உட்கார்ந்தால் அப்பாவுக்கே கால் தரையில் படாது.

அம்மா எதிலுமே உட்காரவில்லை.
இடுப்பை மடக்கினால் மெல்ல எதிர்த்தாள்.
இன்னும் அழுத்தினால் முறியும் என்று
விரலுக்குத் தெரிந்தது.
பிழைப்பே அதுதானே எனக்கு.

இரவுப் பணி. மணி மூன்று.
ஊரில் எவருக்கும் எலும்பு முறியாத அபூர்வ நேரம்.
கைப்பையிலிருந்து நால்வரையும் எடுத்து
எக்ஸ்ரே தட்டில் கிடத்தினேன்.
பெயர் கேட்டது இயந்திரம். பிறந்த தேதி கேட்டது.
சோதனைப் பதிவு என்று பொய் சொன்னேன்.

மிர்சாத் காபியோடு எட்டிப் பார்த்தான்.
புகார் செய்வான் என்றிருந்தேன்.
பார்த்தான், பார்த்தான், பிறகு கேட்டான்:
"யோர்டிஸ், எங்கே வலிக்கிறதாம்?"

திரையில் வந்தார்கள்.
ஈயப் பாதங்கள் எட்டும் பளீரென்று,
உடம்பெல்லாம் மூச்சுப் பட்ட கண்ணாடியாய் மங்கி.
அப்பா: ஒரே கம்பி, ஒரு வளைவும் காணாதது.
பையன்: முழங்காலில் முறிவு, பழையது.
சிறுமி: இடது கையில் ஒன்றுமேயில்லை, வெறும் பஞ்சு.
அம்மா:
முதுகில் கம்பிக்குப் பதில்
ஒரு கொண்டை ஊசி.
தலைமுடிக்கென்று செய்த அதே நெளிவோடு
கழுத்திலிருந்து இடுப்பு வரை.

யாரோ நூலைப் பிரித்திருக்கிறார்கள்.
தன் தலையிலிருந்தே உருவி உள்ளே செருகி,
அதே நிறத்தில் நூல் கிடைக்காமல்
கொஞ்சம் அடர்ந்த பழுப்பில் மறுபடி சுற்றி,
முடிச்சைக் கவுனுக்குள் ஒளித்து.
நிமிர்ந்துவிட்டாள்.
அதன்பிறகு மடங்கவேயில்லை.

நிற்க மட்டுமே தெரிந்தவளை எங்கே வைப்பார்கள்?
வெளுத்த கோடும் அடுப்பின் விளிம்பும்
ஒரே உயரம், நாலரை சென்டிமீட்டர்,
அளந்து பார்த்தேன்.
கட்டைவிரல் என்று நினைத்திருந்தேனே, இத்தனை வருடம்.

என்னிடம் பதினோரு பொம்மை வீடுகள்.
பதினொன்றிலும் அம்மாவை நான்
எங்கே நிறுத்தியிருக்கிறேன் என்று
பேருந்தில் வரும்போது யோசித்தேன்.
மிர்சாத்திடம் இதைச் சொல்லப்போவதில்லை.

டப்பாவில் கட்டில் இல்லை. தொட்டி இருந்தது.
அம்மாவை அதில் நீட்டிப் படுக்கவைத்தேன்.
ஈயப் பாதங்கள் விளிம்புக்கு வெளியே.
இருக்கட்டும்.
பிள்ளைகள் இரண்டும் அந்தப் பெருத்த சோபாவில்,
கப்பலில் ஏறியவர்கள்போல.
அப்பாவை அடுப்பருகே கொண்டுபோய்
முழங்கையை மடக்கினேன்.
நூலுக்குள் கம்பி ஏதோ சொன்னது,
எனக்குப் புரியவில்லை.

வெளியே எப்போதோ விடிந்திருந்தது.
அணைக்க மறந்து தூங்கிப்போனேன்.
பகல் முழுக்க எரிந்திருக்கிறது
அந்த நாலு வோல்ட்.